டிஸ்க் அண்ணை

"அண்ணை, நீங்கள் நல்ல கெட்டிக்காரன்" என்று யாராவது சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். "எதை வைச்சுச் சொல்லுறியள்?" என்று கேட்பார். உபசாரத்துக்குச் சொன்னதை உபசாரமாக வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர். சொன்னவர் பாவம், விழித்துக்கொண்டு நிற்பார்.

சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸப் பக்கத்து எங்கள் ஆட்கள் அவரை டிஸ்க் அண்ணை என்பார்கள். மடிக்கணினி திருத்துகிறவர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை வாயில் எடுக்கிற தகுதி எனக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்கு உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை. மதியச் சாப்பாட்டு அலுவல் முடிந்து இரவுச் சாப்பாட்டு அலுவல் தொடங்குமுன் இந்த நாட்டில் சமையலறைக்காரர்களுக்கு இரண்டரை மணி நேரம் ஓய்வு உண்டு. மற்றவர்கள் படுப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள், ஊருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். இவர் ட்ராம் ஏறி ஒரு வீடியோக் கடைக்கு வருவார். படக் கொப்பி வாடகைக்கு எடுக்கிற வழக்கம் ஒழிந்துபோனதால் முதலாளி அதற்குள் மரக்கறியும் கருவாடும் அரிசியும் விற்கத் தொடங்கியிருந்தார். பின்பக்கம், விற்காமல் கிடந்த கொப்பிகளை அடுக்கிய அலுமாரிக்கு முன்னால், இவருக்கு ஒரு மேசை. மேசையின் இரும்புக் காலில் காந்தத்தால் ஒட்டியபடி ஒரு சமையலறை டைமர் இருக்கும். முட்டை அவிக்க நேரம் பார்க்கிற சாமான். எந்த மடிக்கணினி வந்தாலும் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் அதை ஒருமுறை முழுதாக நிறுத்தி, மறுபடி போட்டு, டைமரையும் அமத்துவார். நாங்கள் நோயைச் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். திரை முழுதாக வந்து, சுட்டி சுழல்வது நின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்.

அது ஹைபிரிட் டிஸ்க் வந்த காலம். முழுவதும் மெமரியால் ஆன டிஸ்க் அப்போது யானை விலை. சுழல்கிற பழைய டிஸ்க்கோ ஆமை. இரண்டுக்கும் நடுவில், சுழல்கிற தட்டோடு கொஞ்சம் வேகமான மெமரியையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு சாமான் கிடைத்தால் போதுமே. கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் அதே கதைதான். யாரோ ஒருவரின் மச்சான் போட்டாராம், ராக்கெட் மாதிரிப் போகுதாம். எனக்கும் ஆசை வந்தது. நான் ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் எங்கள் ஆட்களுக்காக ஜேர்மன் மொழிபெயர்க்கிறவள். டொல்மெச்சர் என்பார்கள். வீட்டில் எழுத்து வேலையும் செய்வேன். என் மடிக்கணினி திறந்து வருவதற்குள் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிடலாம்.

"அண்ணை, இதுக்கு ஹைபிரிட் டிஸ்க் போட்டா வேகமா ஓடுமோ?" என்று கேட்டேன்.

"எந்த வேலைக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

"எல்லாத்துக்கும் எண்டு ஒரு வேலை இல்லை, தங்கச்சி. காலமை திறந்தவுடன முதல் என்ன செய்வீர்?"

மின்னஞ்சல், அகராதி, எழுதுகிற கோப்புகள் என்றேன். மாதத்துக்கு ஒருமுறை பழைய படங்களையும் ஸ்கான் பண்ணிய கடிதங்களையும் திறந்து பார்ப்பேன் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஓடுமென்றும் சொல்லவில்லை, ஓடாதென்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது புது டிஸ்க் உள்ளே இருந்தது. ஆனால் ஒரு தடவையேனும் போட்டுப் பார்க்காமல் எனக்காக வைத்திருந்தார். முதல் தரம் போட்டார். பழைய டிஸ்க்கைவிட நேரம் சும்மா கொஞ்சம்தான் குறைவு. எனக்கு முகம் விழுந்துவிட்டது. நிறுத்தி இரண்டாம் தரம் போட்டார், குறைந்தது. மூன்றாம் தரம் இன்னும் குறைந்தது. ஐந்தாம் தரம் பழைய நேரத்தில் பாதிகூட இல்லை. நான் கைதட்டிவிட்டேன். அவர் தட்டவில்லை. என் படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்து, டைமரை மறுபடி அமத்தினார்.

"பாத்தீரோ? இதில ஒரு செக்கனும் குறையேல்லை."

"ஏன் அண்ணை அப்பிடி?"

"நீர் ஒவ்வொரு நாளும் கேக்கிறதை இது பாடமாக்கி வைச்சிருக்கும். கேட்டவுடன தரும். இடைக்கிடை கேக்கிறது இதுக்கு ஞாபகம் இராது, தட்டைச் சுத்தித் தேடித்தான் எடுக்கும். பழகினதுக்கு வேகம். பழகாததுக்கு முந்தின மாதிரித்தான்." டைமரை நிறுத்திவிட்டு, "அதோட திறந்து பாத்தாப் பிறகுதான் தெரிஞ்சுது, உம்மட மெஷினில மெமரி காணாது. முதல் அதைக் கூட்டியிருந்தா இதைவிடப் பிரயோசனம். இது வேண்டாமெண்டால் கழட்டித் தாறன்" என்றார்.

வாங்க வந்தவளை வாங்காமல் போகச் சொல்கிற வியாபாரத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன். பிடிவாதத்துக்கு டிஸ்க்கையும் வைத்துக்கொண்டேன், மெமரியையும் கூட்டச் சொன்னேன்.

அந்த டிஸ்க்கில் ஒரு தந்திரம் இருந்தது. வேறு இடங்களில் ஆள் வருவதற்கு முன்பே அதை ஐந்தாறு தரம் போட்டு நிறுத்திப் பழக்கிவிடுவார்கள். ஆள் வந்தவுடன் போட்டுக் காட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிடும். அவரும் வாயைப் பிளந்துகொண்டு வாங்கிப் போவார். வீடியோக்கடை முதலாளி இதையெல்லாம் கேள்விப்பட்டு ஒருநாள் மேசைக்கு வந்தார். நான் அப்போது கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆக்கள் வரமுன்னம் ஒரு அஞ்சாறு தரம் போட்டு வைக்கிறதுக்கென்ன? பொய் இல்லையே. டைமர் காட்டுறது மெய்தானே."

"முதல் தரம் எவ்வளவு எண்டும் அவைக்குத் தெரியோணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போயினம்?"

"அது அவையின்ர பாடு" என்றார் அண்ணை. "சொல்லுறது என்ர பாடு."

மெய் சொல்லிக் கெட்டவனுமில்லை, பொய் சொல்லி வாழ்ந்தவனுமில்லை என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் லாங்ஸ்ட்ராஸப் பக்கம் கடை வைத்துப் பார்த்தவர் அல்லர். அண்ணையிடம் வருகிற ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். அவர் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கரிநாக்கு என்றும் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவர் தன் மடிக்கணினிக்கு ஹைபிரிட் டிஸ்க் போடச் சொல்லிக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் காலமாகி அதிக காலம் ஆகவில்லை. அண்ணை டிஸ்க்கின் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டார், ஏதோ சோதனை போட்டுப் பார்த்தார். பிறகு, "அக்கா, இது சாகப்போற மெஷின். புது டிஸ்க் போட்டும் பிரயோசனமில்லை, போர்ட்டும் போகுது. ரெண்டு கிழமை தாங்கினாப் பெரிய காரியம். இண்டைக்கே படங்களை எடுத்து வேற இடத்தில வையுங்கோ" என்றார். அந்த அக்காவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி பேசினார். இருந்தாலும் படங்களை எடுத்துக்கொண்டுதான் போனார். இரண்டாம் கிழமை மடிக்கணினி செத்துப்போனது. கணவருடைய படங்கள் எல்லாம் தப்பின. அதற்காக அண்ணைக்கு ஒரு நன்றி வந்ததா? "அந்தாள் வாய் வைச்சது, மெஷின் செத்துப்போச்சுது" என்றுதான் அந்த அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். பிடித்தது என்றால் எரிச்சலோடு பிடித்தது. ஒருநாள் என் வேலையைப் பற்றிக் கேட்டார். டொல்மெச்சர் வேலையில் என்ன சட்டம் என்று விசாரித்தார்.

"சொல்லுறதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது அண்ணை. பேசுறவர் தூசணத்தால பேசினாலும் அப்பிடியே சொல்லோணும்."

"டொக்டர் கூடாத விஷயம் சொன்னா?"

"அதையும்தான்."

அவர் கையிலிருந்த டிஸ்க்கை மேசையில் வைத்தார். "அப்ப நீரும் நானும் ஒரே தொழில்தான்" என்றார். அவர் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான். ட்ராமில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. வெட்கக்கேடு.

அவருக்கு ஒரே மகள். அவளைப் பெண் பார்க்க பேர்னிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன். அவருடைய மனைவியை எனக்குத் திரிம்பாக் கோயிலில் பழக்கம், அக்கா என்று கூப்பிடுவேன். பலகாரம் வைக்க, தேத்தண்ணி ஊற்ற உதவிக்கு அழைத்திருந்தார். பையனும் பெண்ணும் ஏற்கெனவே ஒருவரையொருவர் விரும்பி, கதைத்துப் பழகியவர்கள். பெரியவர்கள் வந்து இருந்து எழும்பினால் சரி, அவ்வளவுதான் மிச்சம். வடை முடிந்து கேசரி போய்க்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் பெரியம்மா, எல்லோரும் கேட்கிறதைத்தான் கேட்டார்.

"பிள்ளைக்கு வருத்தம் துன்பம் ஒண்டும் இல்லைத்தானே?"

இதற்குப் பதில் எங்கள் ஆட்களில் குழந்தைக்கும் தெரியும். "கடவுளே எண்டு ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு வடை எடுங்கோ என்று தட்டை நீட்ட வேண்டும். அண்ணை வாயைத் திறக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கால் எட்டுகிற தூரத்தில் நின்றிருந்தால் மிதித்திருப்பேன்.

"ஒன்பது வயசில ரெண்டு தரம் வலிப்பு வந்தது" என்றார் அண்ணை. "நாலு வருசம் மருந்து எடுத்தவ. பிறகு நிப்பாட்டினது. நிப்பாட்டிப் பதின்மூண்டு வருசம், ஒருக்காலும் வரேல்லை. டொக்டரின்ர கடிதம் இருக்கு, கொண்டுவரட்டோ?"

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். இது வடிவாகச் சோதித்துப் பார்த்த பிள்ளை, பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அவர் சொல்ல வந்தது. வந்தவர்கள் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து, நன்றாகச் சிரித்து, பிறகு சொல்கிறோம் என்று எழும்பிப் போனார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையனும் சொல்லவில்லை.

மகள் ஒரு கிழமை அழுதாள். அடுத்த மாதம் பாசலில் ஒரு மருந்துக் கம்பனியில் வேலை தேடிக்கொண்டு போனாள். போகிற அன்று தகப்பனிடம், "அப்பா, நான் உங்கட லப்டொப் இல்லை" என்று மட்டும் சொன்னாளாம். மனைவிதான் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு தாயுடன் தொலைபேசியில் கதைப்பாள். தகப்பன் எடுத்தால் வைத்துவிடுவாள். மூன்று வருடம் அப்படியே போனது.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், கொஞ்சம் சுடச்சுடத்தான் கேட்டேன், "அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே அண்ணை" என்று.

"பிறகு அவை வேற ஆரும் சொல்லித் தெரிஞ்சா, அவளைத்தானே போட்டு வதைப்பினம்?"

"இப்ப மட்டும்?"

அவர் ஒரு மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடைசி ஆணியையும் எடுத்து வைத்துவிட்டு, "கோவம் ஆறட்டும். ஆறினாப் பிறகு ஒருக்கால் நேர போய்க் கதைப்பன். போனில கதைக்கிற விஷயமில்லை" என்றார். அவருக்கு அதில் அவசரம் இருக்கவில்லை. காலம் இருக்கிறது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அவர் மெலியத் தொடங்கினார். முதுகு நோகிறது என்றார், பசியில்லை என்றார். கடையில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று, போன கிழமைக்கும் இந்தக் கிழமைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முதலாளிக்குச் சொல்வார். முதலாளி, "விசர்க்கதை கதைக்காமல் டொக்டரிட்டைப் போ" என்று துரத்தினார். படம் எடுத்தார்கள், ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருந்தது.

முடிவைச் சொல்கிற சந்திப்புக்கு டொல்மெச்சராக என்னை அழைத்தார்கள். தெரிந்த குடும்பமென்றால் போகக்கூடாது என்பது எங்கள் விதி. அன்னிய ஆள் போவதைவிட நான் போவது நல்லதுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் சமையலறையில் எங்கள் ஆட்களோடே வேலை செய்தவர். அவருடைய ஜேர்மன் தட்டுக்கும் சட்டிக்கும் போதும், டொக்டருடைய பேச்சுக்குப் போதாது.

அறைக்கு வெளியே அக்கா என் கையைப் பிடித்தார். அவருக்கு விஷயம் முதலே தெரிந்திருந்தது. வீட்டு வைத்தியர் அவரிடம் கொஞ்சம் கோடு காட்டியிருந்தார்.

"தங்கச்சி, அவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடாதேங்கோ. எங்கட அண்ணருக்கும் உந்த வருத்தம்தான். நாங்கள் கடைசிமட்டும் சொல்லேல்லை. ஒரு வருசம் சிரிச்சுக்கொண்டு இருந்தவர். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிச்சினம், ஆள் பத்தாம் நாள் போயிட்டுது. உங்களைக் கும்பிட்டன்."

"அக்கா, நான் அப்பிடிச் செய்யக்கூடாது."

"உங்களையும் நான் கூடப்பிறந்தவ மாதிரித்தானே நினைச்சிருக்கிறன்" என்றார். கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. கதவு திறந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் இளம் பெண். நல்லவர். மெதுவாக, ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, எனக்கு இடம்விட்டுப் பேசினார். வருத்தத்தின் பெயரைச் சொன்னார், சொன்னேன். வெட்டி எடுக்க முடியாது என்றார், அதையும் சொன்னேன். நோவைக் குறைக்க மருந்து இருக்கிறது என்றார், சொன்னேன். அதுவரைக்கும் நான் சரியாகத்தான் இருந்தேன். பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு காலம் எண்டு கேளும். எனக்குப் பாசலுக்கு ஒருக்கால் போகோணும், மகளிட்டை. கெதியாப் போகோணுமோ, ஆறுதலாப் போகலாமோ எண்டு எனக்குத் தெரியோணும். அதுக்குத்தான்."

நான் ஜேர்மனில் கேட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. டொக்டர் அவரை நேரே பார்த்துச் சொன்னார்: இரண்டு மாதம், கூடினால் மூன்று. பயணம் செய்கிற பலம் இன்னும் சில கிழமைகளுக்குத்தான் இருக்கும். மகளிடம் போவதென்றால் இந்த வாரமே போகட்டும்.

எதிரே அண்ணை, பேனாவும் கையுமாக. அவருக்குப் பின்னால் அக்கா, இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்துக்கொண்டு நின்றார்.

"ஆளுக்காள் வித்தியாசமாம் அண்ணை" என்றேன். "இப்ப ஒண்டும் சொல்லேலாதாம். மருந்து எப்பிடி வேலை செய்யுது எண்டு பாத்துத்தான் சொல்லலாமாம்."

அவர் தலையாட்டினார். "அது சரிதானே. அளக்காமல் எப்பிடிச் சொல்லுறது" என்றார். டொக்டர்மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப வைகாசியில போவம். அவளுக்கும் அப்ப லீவு வரும், குளிரும் குறைஞ்சிடும்" என்றார் மனைவியிடம். அப்போது மாசி மாதம். அவர் புரிந்துகொண்டதாக நினைத்து டொக்டர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே வந்ததும் அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். நான் செய்தது புண்ணியம் என்று சொன்னார். எங்கள் ஆட்களில் பத்துப்பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அதைத்தான் சொல்வார்கள். வருத்தக்காரருக்கு வருத்தத்தை மறைப்பது எங்களுக்குப் பாசம். அந்தப் பாசத்தை யாருக்குக் காட்டக்கூடாதோ அவருக்குக் காட்டிவிட்டேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாதென்று சொன்னால் அது மூன்றாவது பொய்யாகும். முதலாவதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது இன்னும் கெட்டது.

நாலு கிழமை கழித்துக் கடைக்குப் போனேன். அவர் மேசையில் இருந்தார். உணவக வேலையை விட்டிருந்தார், ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. கண் மஞ்சளாக இருந்தது. யாரோ ஹைபிரிட் டிஸ்க் போடக் கொடுத்த மடிக்கணினி ஒன்று திறந்தபடி கிடந்தது. ஆணியை முறுக்கப் பலம் காணாமல் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். நான் உதவ வந்தபோது தள்ளிவிட்டார்.

"இரும். உம்மட்டை ஒண்டு கேக்கோணும்" என்றார். "ஒவ்வொரு கிழமையும் தராசில ஏறுறன். இறங்கிக்கொண்டே போகுது. மருந்து வேலை செய்தா உப்பிடி இறங்காது. டொக்டர் சொன்னதுக்கும் இதுக்கும் பொருந்தேல்லை. அண்டைக்கு அவ சொன்னதை நீர் சரியாத்தானே சொன்னனீர்?"

இப்படி ஒரு வாசல் யாருக்கும் இரண்டாம் தரம் திறக்காது. கடையில் அந்த நேரம் வேறு யாரும் இல்லை. அக்காவும் பக்கத்தில் இல்லை. ஒரு வசனம் சொன்னால் அன்று பின்னேரமே அவர் பாசல் ரயிலில் இருந்திருப்பார், நானே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஒரே தொழில் என்று என்னைச் சொன்ன மனிதரின் முன்னால் பொய்க்காரியாக நிற்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. இந்தத் தரம் அக்காவுக்காகவும் இல்லை, அவருக்காகவும் இல்லை. எனக்காகத்தான்.

"ஓம் அண்ணை. சரியாத்தான் சொன்னனான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "அப்ப தராசிலதான் ஏதோ பிழை" என்றார். முதலாளியைக் கூப்பிட்டு, தராசின் பற்றரியை மாற்றச் சொன்னார்.

எந்தக் காலத்திலும் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பாத மனிதர். தன் உடம்பு காட்டியதை விட்டுவிட்டு என்னை நம்பினார். 

பங்குனி முடிவதற்கு முன்பே விழுந்துவிட்டார். பேச்சு நின்ற பிறகுதான் அக்கா மகளுக்கு அறிவித்தார். அவள் அடுத்த ரயிலில் வந்தாள். மூன்று நாள் கட்டிலின் பக்கத்தில் இருந்து, "அப்பா, நான் வந்திட்டன், கண்ணைத் திறவுங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் திறக்கவில்லை. அவளுடைய குரல் அவருக்குக் கேட்டதா என்று தாதியிடம் விசாரித்துத் தரும்படி அக்கா என்னைக் கேட்டார். தெரியாது என்று தாதி சொன்னார். அதை அப்படியே சொன்னேன்.

அவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் போயிருந்தேன். ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு சமையலறையில் நானும் அக்காவும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். மகள் வந்து கதவோரம் நின்றாள். முகம் தகப்பனுடையது.

"அன்ரி, டொக்டரிட்டை நீங்கள்தானே டொல்மெச்சரா வந்தனீங்கள்? இவ்வளவு கெதியா நடக்குமெண்டு டொக்டருக்கே தெரியாதாம், அம்மா சொல்லுறா. மெய்யோ?"

அக்கா கையிலிருந்த தட்டைத் துடைப்பதை நிறுத்தினார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த மாதிரியே பார்த்தார்.

"டொக்டருக்குத் தெரியும்" என்றேன். "ரெண்டு மாதம், கூடினா மூண்டு எண்டு சொன்னவ."

"அப்பாவுக்கு?"

"சொல்லேல்லை. நான் மாத்திச் சொன்னனான்."

"அவர் கேக்கேல்லையோ?"

"கேட்டவர் பிள்ளை. உம்மட்டை வாறதுக்குத்தான் கேட்டவர். கெதியா வரோணுமோ, ஆறுதலா வரலாமோ எண்டு. இந்தக் கிழமையே போகட்டும் எண்டு டொக்டர் சொன்னவ. அதையும் நான் சொல்லேல்லை. பிறகு கடையில வைச்சு இன்னொருக்கால் கேட்டவர். அப்பவும் சொல்லேல்லை."

"நான்தான் சொல்ல வேண்டாமெண்டு கெஞ்சினனான்" என்றார் அக்கா. "அவவில பிழை இல்லை, பிள்ளை."

"அப்பா உங்களிட்டைக் கேக்கேல்லை அம்மா" என்றாள் மகள். "இவவிட்டைத்தான் கேட்டவர்."

அவள் அழுவாள், கத்துவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வாசலுக்குப் போய், கொளுவியிலிருந்த கோட்டுகளில் எது என்னுடையது என்று கேட்டாள். காட்டினேன். எடுத்து வந்து, நான் கையை நுழைக்க வசதியாக விரித்துப் பிடித்தாள். பெரியவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி, மரியாதையாக.

"அன்ரி, இனி எங்கட வீட்டுக்கு வராதேங்கோ" என்றாள்.

சரி பிள்ளை என்றேன். பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.